பாய்லர்காரர் வேலையை விட்ட கதை

அட்டைப்பெட்டி ஆலையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் பாய்லர்காரர். அட்டை ஒட்டுவதற்கு வேண்டிய நீராவியை நிலக்கரி எரித்துத் தருவது அவர் வேலை. புகைபோக்கிக்கு நேர் பின்னால் ஆலை கொடுத்த இரண்டு அறை வீட்டில் குடியிருந்தார். ஜன்னலைத் திறந்தால் கரி, கொடியில் துணி போட்டால் கரி, மூடி வைத்த சோற்றில்கூடக் கரி. மனைவி துடைத்துத் துடைத்தே ஓய்ந்து போனாள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டவருக்குப் பேத்தி விஷயத்தில்தான் பொறுமை போய்விட்டது. மகள் தூக்கிக்கொண்டு வந்த அன்றே குழந்தைக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. "அந்தப் பாய்லரை மாத்தட்டும்ப்பா, அப்புறம் வரேன்" என்று அடுத்த பஸ்ஸில் கிளம்பியவள்தான். பேத்தி இப்போது ஓடுகிறாளாம், கதை சொல்கிறாளாம். தாத்தாவுக்கு எல்லாம் போனோடு சரி.

முதலாளியும் மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்றுதான் சொல்லிவந்தார். கரண்டில் ஓடுகிற பாய்லர், புகையே வராது என்று படம்கூடக் காட்டினார். வருஷா வருஷம் படம்தான் புதிதாக வந்தது.

ஒருநாள் பாய்லர்காரர் கணக்குப் பார்ப்பவரிடமே கேட்டுவிட்டார்.

"ஏன் சார், கார்பன் சந்தைன்னு ஒண்ணு வந்தா எல்லாரும் நிலக்கரியை விட்டுடுவாங்கன்னு சொன்னீங்களே. நம்ம ஆலைக்கு மட்டும் அதுக்கு வழி தெரியலையா?"

"அது வந்து எவ்வளவோ நாளாச்சுங்க. ஒவ்வொரு ஆலையும் இவ்வளவு புகைதான் விடலாம்னு அனுமதி குடுப்பாங்க. மீறினா கூடுதல் அனுமதியைச் சந்தையில வாங்கணும், மிச்சம் பிடிச்சா விக்கலாம். வாங்கிக் கட்டுப்படியாகாதவன் பாய்லரை மாத்துவான். நாம எங்க வாங்கறோம்? நீங்க எரிக்கிற சிக்கனத்துல நமக்கு எப்பவும் மிச்சம்தான். அதை வித்துடறோம். அப்புறம் எதுக்கு மாத்தணும்?"

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். பாய்லர்காரருக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. கரியைச் சலித்து, சீராகப் பரப்பி, காற்றைப் பார்த்துப் பார்த்து விட்டு, இத்தனை வருஷமாகத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் காலையில் கரியை வாரிக் கொட்டிவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்தார். அந்த மிச்சம் எக்கேடாவது கெட்டுப் போகட்டும். கறுப்பாகத் திரண்டு எழுந்த புகை, வேறு திசையே இல்லாததுபோல் அவர் வீட்டுப் பக்கம் சாய்ந்தது. மனைவி இருமுவது இங்கே கேட்டது. கை தானாகப் போய்க் கரியைக் கிளறிச் சரிசெய்தது. ஒரு வேலையைக் கெடுக்கக்கூடத் தனக்குத் துப்பில்லையே என்று ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தோடு நேராக முதலாளி அறைக்குப் போனார்.

"எனக்கு வேலை வேண்டாம் முதலாளி. வேற ஆளைப் பாத்துக்கோங்க."

முதலாளி கணக்குப் பார்ப்பவரைத் திரும்பிப் பார்த்தார். "இவர் போனா என்னய்யா ஆகும்?"

"வேற ஆள் இவரை மாதிரி எரிக்க மாட்டான் சார். மிச்சம் போயி, அனுமதி வாங்க வேண்டி வரும். இப்ப சந்தையில விலையும் ஏறிக்கிடக்கு. அதுக்குக் கரண்ட் பாய்லரே தேவலை."

"அப்ப ஆர்டர் போட்டுடு" என்றார் முதலாளி, டீ சொல்வதுபோல.

பாய்லர்காரருக்கு 'அப்படின்னா நான் இருந்துடறேன் முதலாளி' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தான் இருந்தால் அந்த ஆர்டர் போகாது என்று அப்போதுதான் உறைத்தது. விழுங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வேலை போனால் வீடும் போகும். மனைவி பாத்திரங்களைத் துடைத்துச் சாக்கில் கட்டத் தொடங்கினாள். "வீட்டை மாத்துங்கன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். பாய்லரைத்தான் மாத்துவேன்னு நின்னீங்க" என்றாள். அவர் மகளுக்குப் போன் போட்டார்.

"என்னப்பா, பாய்லரை மாத்திட்டாங்களா?"

"மாத்தறாங்கம்மா. என்னையும் சேர்த்து."