பவித்ராவின் மொழிக்கு இடைக்காலம்

போன ஞாயிற்றுக்கிழமை கரமனையில் மகாதேவன் சார் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆபீஸில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர். மேஜை முழுக்க நோட்டுப் புத்தகங்கள். பென்ஷன் விவகாரம் போலிருக்கிறது என்று நினைத்தேன். இல்லை... ஒரு மொழி!

உலகத்தில் எங்கேயும் இல்லாத மொழி. சமஸ்கிருதம், பாரசீகம், லத்தீன் எல்லாம் அக்கா தங்கைகள் என்றால், அந்தக் குடும்பத்தில் பிறக்காமல் போன இன்னொரு தங்கை. உருவாக்கியவள் அவருடைய ஒரே மகள் பவித்ரா. பிளஸ் டூ படிக்கும்போது விளையாட்டாகத் தொடங்கியது. அப்பா சாலைக் கடைத்தெருவில் வாங்கிக் கொடுத்த நோட்டுகளில் அதன் பழங்காலத்தை, அதாவது முதல் சொற்களையும் இலக்கணத்தையும், எழுதி முடித்தாள். ஆயிரம் வருஷம் போனபின் அது எப்படி மாறியிருக்கும் என்கிற இடைக்காலத்தைத் தொடங்குவதற்குள் ரத்தப் புற்றுநோய் அவளைக் கொண்டுபோய்விட்டது. இரண்டு வருஷமாகிறது.

இடைக்காலத்தை இப்போது அப்பா எழுதுகிறார். இப்படி மொழி செய்கிறவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறதாம். எழுதியதை அங்கே அனுப்பியிருக்கிறார். அவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்களாம் – ஆயிரம் வருஷம் ஓடிய மொழியில் ஒரு சொல்கூடச் சாகவில்லையே, எப்படி?

"அவா சொல்றது நியாயம்தான், கேட்டேளா? எந்த பாஷையானாலும் பழசு கொஞ்சம் உதிரும். எனக்குத்தான் கை வரல."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "நாலு வார்த்தையை வெட்டிட்டாப் போச்சு, சார்" என்றேன்.

"எல்லாம் அவ வச்சதாக்கும்" என்றார்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அடுத்தவர் துக்கத்துக்கு யோசனை சொல்வதில்தான் நமக்கு எத்தனை அவசரம்!

அவர் மனைவி லலிதா மாமி காபியோடு வந்தார். எங்கள் பேச்சு உள்ளே கேட்டிருக்க வேண்டும். மகள் போனபிறகு மாமி இந்த நோட்டுகளைத் தொட்டதே இல்லை. டம்ளரை வைத்துவிட்டு, நின்றபடியே கேட்டார்.

"ஆஸ்பத்திரியில படுத்துண்டு எழுதினாளே... அந்த நோட்டு எது?"

சார் தேடி எடுத்துக் கொடுத்தார். மாமி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"ஊசி போட்டா வர்ற வலிக்கு ஒரு வார்த்தை வச்சா. பக்கத்துல நான்தானே இருந்தேன்! இத எடுத்துடுங்கோ. அந்தக் கொழந்தைக்கு வலிச்சது போறும்."

சார் தன் இடைக்காலப் பட்டியலில் அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்தார். அதன்மேல் ஒரு கோடு போட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. மாமி அவர் தோளில் கைவைத்து நின்றார். நான் அழுதுவிட்டேன்.

அந்த மொழியைப் பேசும் நாடு எங்கேயும் இல்லை, எனக்கும் தெரியும். ஆனாலும் அங்கே இனி எந்தப் பிள்ளைக்கும் அப்படி வலிக்காது.