பாதி ஈர்ப்பில் ஒரு சிதறுகாய்

அறுபதுகளின் தொடக்கம். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். எனக்கு இருபத்து மூன்று வயது. பெண் என்றால் தையல் சொல்லிக்கொடுப்பாள், பாட்டு சொல்லிக்கொடுப்பாள், இவளுக்கு எதற்கு அறிவியல் என்று தலைமையாசிரியருக்கு முதல் நாளிலிருந்தே கடுப்பு. வேறு ஆள் கிடைக்காததால்தான் அந்த வகுப்பு என் கையில் இருந்தது. அதை விடுவதில்லை என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் புவியீர்ப்பு விதியைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். கேள்வியைச் சற்றே திருப்பிப் போட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். ஒரு நாள் எரிச்சல் தாங்காமல், பூமி இப்போது இழுப்பதில் பாதிதான் இழுக்கிறது, தேக்கா மார்க்கெட்டில் என்ன நடக்கும், சொல்லுங்கள் என்றேன். தூங்கி வழிந்த வகுப்பு எழுந்து உட்கார்ந்தது. மூட்டை தூக்குகிறவர் இரண்டு மூட்டை தூக்குவார் என்றது ஒன்று. மழை மெதுவாகத்தான் விழும், ஓட வேண்டாம், நனையாமல் நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம் என்றது இன்னொன்று. அது தப்பு, ஆனால் நல்ல தப்பு. அரை மணி நேரம் சண்டை போட்டோம்.

அன்றைக்கே படம் வரையத் தொடங்கிவிட்டேன். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம், போஸ்டர் கலர், இரண்டு தூரிகை. எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: ஈர்ப்பை மட்டும்தான் மாற்றலாம், மற்றதெல்லாம் அதற்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டும். சரபத் கடைக்காரர் ஆற்றும் தேநீர் ஒவ்வொரு கணத்திலும் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு, பென்சில் புள்ளி வைத்த பிறகுதான் வண்ணத்தைத் தொடுவேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள். என் முயலுக்கு நான்கு கால்தான். எண்ணிப் பார்க்க அவர்களுக்குத்தான் சோம்பல்.

ஆறு படம் ஆயிற்று. ஆறாவது, கோயில் வாசலில் சிதறுகாய். பக்தர் ஓங்கி அடித்த தேங்காய் உடையாமல், பந்து மாதிரி லேசாக எழும்பி நிற்கும். அவர் வாயைப் பிளந்து பார்ப்பார். வரைந்துவிட்டு நானே சிரித்தேன். அதற்கு மட்டும் கணக்குப் போடவில்லை.

ஆண்டு இறுதியில் பள்ளிக் கண்காட்சி. பெற்றோர் வருவார்கள், கல்வி அதிகாரி வருவார். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"இல்லாத பூமிக்கு எதுக்கு டீச்சர் பாடம்? இதுல ஒரு தப்பு வந்துச்சுன்னா, அடுத்த வாரத்துலேருந்து உங்களுக்குத் தையல் வகுப்புதான்."

வராது சார் என்று சொல்லிவிட்டு ஆறு படத்தையும் வாசலுக்கு நேரே மாட்டினேன். திமிர்தான். அந்த வயதில் அது இல்லாவிட்டால் என்னை மென்று துப்பியிருப்பார்கள்.

அதிகாரி வந்தார். ஒவ்வொரு படமாக நின்று பார்த்தார். ஆறாவது படத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற என் மாணவி, வகுப்பில் வாயே திறக்காத பெண், அவரிடம் சொன்னாள்:

"அது தப்பு சார். தேங்காயை நாம கீழ நழுவ விடலையே, வீசி அடிக்கிறோம். பூமி பாதி இழுத்தாலும் நம்ம கை அதே கைதானே? உடையும் லா."

எனக்குக் காது சூடேறியது. அவள் சொன்னது சரி. பிறந்ததிலிருந்து சிதறுகாய் பார்த்தவள் நான். பொறுக்க ஓடுகிற கூட்டத்தைப் பார்த்தேனே தவிர, அடிக்கிற கையைப் பார்க்கவில்லை. தலைமையாசிரியர் முகத்தில் தீபாவளி. பெற்றோர் எல்லாம் கேட்கும்படி, இதுதான் இந்த டீச்சரின் அறிவியல், பிள்ளைக்கே தெரிந்தது இவருக்குத் தெரியவில்லை என்றார்.

அவமானத்தில் அழுகை வந்தது. அழவில்லை. தூரிகையை எடுத்து வந்து, அத்தனை பேர் முன்னாலும் அந்தத் தேங்காயை உடைத்து வரைந்தேன். சில்லுகள் எவ்வளவு தூரம் போகும் என்று அவளையே கேட்டேன். வழக்கத்தைவிட ரொம்ப தூரம், விழ நேரமாகுமே என்றாள். அப்படியே எதிர்க்கடையின் அஞ்சடி நடைபாதை வரைக்கும் சில்லுகளைப் போட்டேன். பிறகு தலைமையாசிரியர் பக்கம் திரும்பினேன்.

"தப்புதான் சார். இத்தனை வருஷமா நீங்க நடத்தின பாடத்துல, ஒரு பிள்ளையாவது எழுந்து தப்புன்னு சொல்லியிருக்கா?"

அதிகாரி அடுத்த அறைக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் புதிய கால அட்டவணை. என் பெயருக்கு நேரே தையல். சொன்னதைச் செய்துவிட்டார். பேனாவை எடுத்துத் தையலை அடித்தேன், மேலே அறிவியல் என்று எழுதினேன், கீழே கையெழுத்தும் போட்டேன். அவர் தம் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வணக்கம் சார் என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டி வகுப்புக்குப் போய்ப் பாடத்தைத் தொடங்கினேன்.