முகம் அமுக்கப் போன வீடுகள்

அடுத்தவர் முகத்தைத் தொட்டுப் பிழைப்பது மாதிரி சங்கடமான தொழில் இன்னொன்று இருக்குமா என்று தெரியவில்லை. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டால் நல்லவள் என்பார்கள். முகத்தில் கை வைத்தால் மட்டும் எதற்கு என்பார்கள்.

வீடு தேடிப் போய் டியூஷன் எடுப்பவர்கள், ஊசி போடப் போகிற நர்சுகள், ஜாக்கெட் அளவெடுக்கப் போகிற தையல்காரிகள் எல்லோருக்கும் இது தெரிந்த பாடுதான். முதலில் நாய் குரைக்கும். பிறகு ஒருவர் வந்து யாரென்று கேட்பார். கேட்டுவிட்டு உள்ளே போய் இன்னொருவரை அனுப்புவார். அவரும் யாரென்று கேட்பார். நான் புதுக்கோட்டையில் ஒரு பியூட்டி பார்லரில் புருவம் திருத்திக்கொண்டிருந்தவள். திருச்சியில் ஒரு அம்மாவிடம் சீன முறையில் முக மசாஜும் அக்குபிரஷரும் கற்றுக்கொண்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினேன். தலைவலி, சைனஸ், தூக்கமின்மை, தாடை இறுக்கம், இதற்கெல்லாம்தான் என் வேலை. ஆனால் நான் எத்தனை தடவை விளக்கினாலும் ஊருக்கு நான் மூஞ்சி மசாஜ்காரிதான்.

அந்தப் பெயர் ஆலங்குடிப் பக்கம் ஒரு வீட்டில் என்ன பாடு படுத்தியது என்பதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். அந்த வீட்டுப் பெண் வாயைத் திறந்து ஒரு கவளம் சோறு சாப்பிடுவாளா என்பதே பல நாள் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. அதற்கு முன்னால் இரண்டு மூன்று வீடுகளை எட்டிப் பார்த்துவிடலாம்.

சீனாக் கல்

என் பையில் ஒரு பச்சைக் கல் இருக்கும். உள்ளங்கை அளவு, தட்டையாக, வழுவழுவென்று. தாடையோரமாக அதை மெல்ல இழுத்தால் இறுக்கம் தளரும். அதைக் கண்டதும் ராசிக்கல்லா என்று கேட்காதவர்கள் இல்லை. புதுக்கோட்டையில் ஒரு டீச்சரம்மா சைனஸ் வலிக்குக் கூப்பிட்டிருந்தார். கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது சீன முறை டீச்சர், கல்லில் ஒன்றும் கிடையாது, அமுக்குகிற இடத்தில்தான் விஷயம் என்றேன்.

மூக்கின் இரண்டு பக்கமும் விரலை வைத்து அமுக்கி முடித்தபோது, அடைப்பு விட்டு நன்றாக மூச்சு வந்தது. எழுந்து உட்கார்ந்து ஆழமாக இழுத்துப் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு நல்ல வார்த்தை வரப்போகிறது என்று காத்திருந்தேன். "சீனா ஐட்டம்னா கேரண்டி கெடையாதே, திரும்ப அடைச்சுக்கிட்டா யார்கிட்டப் போய்க் கேக்குறது?" என்றார்.

சிரித்த மாதிரி

கீரனூரில் ஒரு வீடு. மகள் தினமும் பஸ்ஸில் திருச்சிக்கு வேலைக்குப் போய் வருகிறவள். வயது முப்பதைத் தொடுகிறது. மறுநாள் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அவசரமாகக் கூப்பிட்டார்கள். படுக்க வைத்துப் புருவத்தின் மேல் விரலை வைத்த சற்று நேரத்தில் தூங்கிவிட்டாள். நெற்றி மட்டும் தூக்கத்திலும் சுருங்கியே கிடந்தது. இதற்கு முன் எத்தனை பேர் வந்து பார்த்து, வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று சொன்னார்களோ, நான் கேட்கவில்லை. சிலதை விரலே சொல்லிவிடும்.

காபியோடு வந்த அம்மா, மகள் எழுந்துவிடப் போகிறாளே என்று மெதுவாக, முகம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாகத் தூங்கினால் தானாகத் தெளிந்துவிடும், நாளைக்குச் சிரித்த முகமாக வந்து நிற்பாள் பாருங்கள் என்று தைரியம் சொன்னேன். அந்த அம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ சிரிக்கவெல்லாம் வேணாம்மா, சிரிச்ச மாதிரி இருந்தாப் போதும்."

கையைத் தூக்கியதும்

நார்த்தாமலைப் பக்கம் ஒரு பெண், ஓயாத தலைவலி என்று தங்கையின் வற்புறுத்தலால் என்னைக் கூப்பிட்டாள். நல்ல உழைப்பாளி. பேச்சும் வெடுக் வெடுக்கென்று இருந்தது. கட்டிலில் உட்காரச் சொல்லி, கன்னத்துப் பக்கம் இரண்டு கையையும் கொண்டுபோனேன். சட்டென்று தலையைச் சாய்த்துக்கொண்டு முழங்கையால் முகத்தை மறைத்தாள். நானும் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன்.

அப்புறம் முகத்தின் பக்கமே போகவில்லை. அவள் கையை என் மடியில் வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அமுக்கினேன். அதுவும் தலைவலிக்கான இடம்தான். வெகுநேரம் கழித்து அவளே என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "கன்னத்துக்கிட்ட கை வந்தா அடிக்கத்தான் வருதுன்னு பழகிப்போச்சுக்கா, நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க."

எடுக்காத பொட்டு

இரண்டு புருவத்துக்கும் நடுவே ஓர் இடம் உண்டு. தூக்கத்துக்கும் மனக்கலக்கத்துக்கும் அதைத்தான் அமுக்க வேண்டும். சீனாக்காரர்களுக்குச் சிக்கல் இல்லை. நம் ஊரில் சரியாக அதே இடத்தில் ஸ்டிக்கர் பொட்டு உட்கார்ந்திருக்கும். அதை எடுத்து என் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு, வேலை முடிந்ததும் திருப்பி ஒட்டிவிடுவது என் வழக்கம்.

ஆலங்குடிப் பக்கத்து விஜயா மட்டும் எடுக்க விடவில்லை. தென்னந்தோப்புக்கு நடுவே வீடு. அவளும் மாமியார் பாக்கியத்தம்மாவும்தான். புருஷன் செந்தில் சவூதியில். அவருக்கு நெஞ்சு வலி வந்து அங்கேயே ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார், லீவு கேட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார்களாம். அன்றிலிருந்து விஜயா தூக்கத்தில் பல்லைக் கடிக்க ஆரம்பித்து, தாடை இறுகி, வாய்க்குள் இரண்டு விரல் கூட நுழையாத நிலைக்கு வந்துவிட்டாள். பல் டாக்டரிடம் போகச் சொன்னேன். பல்லில் ஒன்றுமில்லை, கவலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். நான் கன்னத்து எலும்புக்குக் கீழே அமுக்கிவிட்டால் அன்றைக்கு மட்டும் வாய் திறக்கும், இட்லி சாப்பிடுவாள். அதற்காக அடிக்கடி போனேன். பொட்டின் மேலேயே விரலை வைத்து அமுக்குவேன். கோந்து ஒட்டுமே என்றால் கேட்கமாட்டாள். "அவரு நல்லபடியா வந்து எறங்கட்டும்க்கா, அன்னைக்கு நானே எடுத்து ஒங்க கையில ஒட்டுறேன்."

அழாதவள்

செந்தில் தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. வெகுநாள் கழித்துத் திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து பெட்டி வந்தது. நான் துக்கத்துக்குப் போய்ப் பெண்களோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். வாசலில் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

விஜயா நடுவில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது, சத்தமே வரவில்லை. காதுக்கு முன்னால் அந்தத் தசை கல்லாக எழும்பி நின்றதை அத்தனை பேருக்கு நடுவில் நான் ஒருத்திதான் கவனித்தேன். வாய் பூட்டிக்கொண்டுவிட்டது. அழ நினைத்தாலும் திறக்காது. எழுந்து போய் அந்த முகத்தைப் பிடித்துவிடலாம் என்று கை பரபரத்தது. துக்க வீட்டில் மசாஜ்காரி எப்படி எழுந்து போவது? என் பக்கத்திலிருந்த சொந்தக்காரப் பெண் என் தோளை இடித்துச் சொன்னாள்: "புருசன் போயிருக்கான், வாயத் தெறந்து ஒரு அழுகை அழுவுறாளா பாருங்க!"

வாசலோடு

காரியமெல்லாம் முடியட்டும் என்று பொறுத்திருந்து போனேன். கல், எண்ணெய் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை, வெறும் கைதான். பாக்கியத்தம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகனைப் பறிகொடுத்தவர், முகம் காய்ந்து கிடந்தது. நான் மெதுவாக, விஜயாவுக்கு இது அழகுக்குச் செய்வதில்லை, வாய் திறக்காவிட்டால் அவள் சாப்பிட முடியாது என்று சொல்லிப் பார்த்தேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை பதிலுக்குப் பேசியிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனால் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "தாலியக் கழட்டி வச்சவ வீட்டுக்கு மூஞ்சி மசாஜ்காரி வந்து போறான்னா ஊரு சும்மா இருக்காதும்மா, அந்தப் புள்ளைக்கு அந்தப் பேரு வேணாம், போயிரு."

போனில்

விஜயாவே கூப்பிட்டாள். பல் இடுக்கு வழியாகத்தான் பேச்சு வந்தது. கஞ்சி மட்டும் குடிக்கிறாளாம், அதையும் உறிஞ்சித்தான் குடிக்க வேண்டியிருக்கிறதாம். எங்கெங்கே அமுக்க வேண்டும் என்று போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். கன்னத்து எலும்பைத் தடவிக்கொண்டே வா, அதற்குக் கீழே பள்ளம் தட்டுப்படும், அங்கே விரலை வை. இப்படியே மேலே போய், வாய் தவறி, பொட்டு வைக்கிற இடத்தில் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஆனால் தன் முகத்தைத் தானே அமுக்குகிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் அமுக்குவார்கள். அவளுக்கும் அப்படித்தான், ஒரு பயனும் இல்லை. அதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு நான் பேச்சை நிறுத்தியதும், எனக்கு ஆறுதல் சொல்வது போல அவள்தான் பேசினாள். "சொல்லுங்கக்கா, பரவாயில்ல, அந்த எடம் இப்ப சும்மாதான் கெடக்கு."

ஸ்பீக்கர்

சில நாள் கழித்து அவள் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் பாக்கியத்தம்மாவின் குரல். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஸ்பீக்கர்ல போட்டுருக்கேன், சத்தமாப் பேசு என்றார். விஜயா அவர் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறாளாம். கன்னத்தில் கை வைத்திருக்கிறேன், இங்கிட்டா அங்கிட்டா என்று கேட்டார். எலும்புக்குக் கீழே பள்ளம், கட்டைவிரல், மெதுவாக என்றேன். எண்ணெய் தொடவா என்றார். கொஞ்சம் என்றேன். பிறகு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் விஜயாவின் குரல் வந்தது. முதலில் முனகல்தான், போகப் போக வாய் திறந்து, பெட்டி வந்த அன்றைக்கு வராத அழுகை பெரிதாக வந்தது. கையை எடுத்துவிடாதீர்கள் என்று நான் இங்கே கத்தினேன். எடுக்கவில்லை என்று அழுதுகொண்டே சொன்னார்.

அழுகை அடங்கிய பிறகு, நான் வேண்டுமானால் நேரில் வந்து சரியாகச் சொல்லித் தரட்டுமா, யாருக்கும் தெரியாமல் தோப்பு வழியாக வருகிறேன் என்றேன். நீ வர வேண்டாம் என்றார். வீம்பு இன்னும் போகவில்லையே என்று எனக்குச் சுருக்கென்றது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "பொட்டியத் தெறக்கக் கூடாதுன்னுட்டாங்க, என் மகன் மூஞ்சியக் கடைசியா ஒருதரம் தடவிப் பாக்கக்கூட விடல, இந்தப் புள்ள மூஞ்சியாவது என் கையில இருக்கட்டும், எங்க அமுக்கணும்னு மட்டும் நீ சொல்லு."

விஜயா இப்போது சோறு பிசைந்து சாப்பிடுகிறாள் என்று கேள்வி. கையை வைத்துத்தான் இத்தனை காலம் பிழைத்திருக்கிறேன், அதில் உருப்படியாக முடிந்த ஒரே வேலைக்கு என் கை தேவைப்படவே இல்லை.