குடையை எடுத்தால் அழும் குட்டி

காரைக்காலில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புக்கு டீச்சராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. பிரெஞ்சுக்காரர்கள் போய்ச் சில மாதங்களே ஆகியிருந்தன. அப்பாவும் அம்மாவும் குரும்பகரத்தில் வயலோடு இருந்தார்கள். "தனியா இருந்துடுவியா?" என்று அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். "இருப்பேன்பா" என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முஸ்லிம் வியாபாரிகளின் வீடுகள் வரிசையாக இருந்த ஒரு தெருவில், கொல்லையும் கிணறும் உள்ள சின்ன வீடு எனக்கு வாடகைக்குக் கிடைத்தது.

குடிவந்த கொஞ்ச நாளிலேயே கொல்லையில் வைத்திருந்த பித்தளைக் குடமும் தாம்புக்கயிறும் திருட்டுப் போயின. நாய் வளர்த்தே தீருவது என்று முடிவு செய்தேன். என் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவந்து விற்பவர். அவரிடம் சொல்லிவைத்தேன். அடுத்த வாரமே மீன்கூடைக்குள் ஒரு குட்டியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். செம்பட்டை நிறம். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருந்தது. உடம்பெல்லாம் கருவாட்டு வாசனை.

நான் பள்ளிக்கூடம் போனால் குட்டியை எங்கே விடுவது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. கிணற்றுச் சுவர் ஒரு பக்கம் இடிந்து கிடந்தது. வேலியில் தெருநாய்கள் நுழையும் சந்துகள் இருந்தன. மளிகைக்கடையில் கேட்டு, ஒயின் புட்டிகள் வந்திறங்கிய பெரிய மரப்பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். சட்டங்களுக்கு நடுவில் இடைவெளி இருந்ததால் காற்று நன்றாக வரும். பழைய செருப்பு வாரைக் கீலாக அடித்து, ஒரு பக்கத்தைக் கதவாக்கினேன். உள்ளே கோணிச்சாக்கும் என் பழம்புடவைத் துண்டும் விரித்தேன். பின்கட்டு நிழலில் பெட்டியை வைத்துக் குட்டியை உள்ளே விட்டு, கதவைக் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்தத் தெருவில் அக்காவை லாத்தா என்பார்கள். நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். அவருடைய வீட்டுக்காரர் சைகோனில் கடை வைத்திருந்தார். மகள் பிரசவத்துக்கு வந்து, பச்சைக்குழந்தையோடு உள்ளறையில் இருந்தாள்.

"டீச்சரம்மா, நீங்க தெருமுனை திரும்பலை, அது ஆரம்பிச்சிடுச்சு. தொண்டை கிழியக் கத்துது. பச்சைப்புள்ள கண்ணு மூடலைங்க" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகம் உறைத்தது.

"அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்குங்க லாத்தா. அதுக்குள்ள பழக்கிடுறேன். முடியலைன்னா கொண்டுவந்தவங்ககிட்டயே குடுத்துடுறேன்."

"நாயைப் போயி எப்படிப் பழக்குவீங்க?"

"ஒண்ணாம் வகுப்பு டீச்சர்ங்க நான்" என்றேன்.

சும்மா வாய்க்குச் சொன்னதல்ல. வருஷத் தொடக்கத்தில் வாசல் தூணைக் கட்டிக்கொண்டு அழாத குழந்தை கிடையாது. அம்மா சொல்லாமல் நழுவிப்போனால் மறுநாள் குழந்தை அவள் முந்தானையை விடவே விடாது. நின்று நின்று கொஞ்சி விடைபெற்றாலும் அழுகை கூடும். "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி திரும்பி வருகிற அம்மாவின் பிள்ளைதான் சீக்கிரம் சிலேட்டைக் கையில் எடுக்கும். குட்டிக்கும் இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

பள்ளியில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வழக்கப்படி வியாழக்கிழமையும் விடுமுறை. அன்று காலையிலேயே ஆரம்பித்தேன். முதலில் கதவைத் திறந்தே வைத்து, பால் சோற்றைப் பெட்டிக்குள் வைத்தேன். தானாக நுழைந்து தின்றது. மறுவேளை, தின்னும்போது கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். பிறகு அடுப்படிக்குப் போய் வந்தேன். கிணற்றடிக்குப் போய் வந்தேன். பெட்டிக்குள் ஒரு தேங்காய் மட்டையைப் போட்டேன். அதைக் கடித்துக் குதறுவதில் நான் எழுந்து போனதையே அது கவனிக்கவில்லை.

ஆனால் குடையை எடுத்ததும் ஊளையிட ஆரம்பித்துவிட்டது. குடை எடுத்தால் நான் வெளியே போகிறேன் என்று தெரிந்துவைத்திருந்தது. அதனால் குடையைக் கையில் எடுத்து, போகாமல் உட்கார்ந்தேன். குடையோடு அரிசி களைந்தேன், குடையோடு கூடம் பெருக்கினேன். அன்று யாராவது பார்த்திருந்தால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். சாயங்காலத்துக்குள் குட்டிக்குக் குடை சலித்துப்போனது. மடங்கிய காதைக்கூட அசைக்கவில்லை.

அடுத்தது வெளியே போவது. வாசல் கதவைச் சாத்திக்கொண்டு தெருவில் நின்றேன். உள்ளே அழுகை எழுந்தது. போய்த் தூக்கிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் அழும்போது போனால், அழுதால் நான் வருவேன் என்று அதற்கு நானே சொல்லிக்கொடுத்தது போல் ஆகிவிடும். மூச்சு வாங்க அது ஒரு கணம் நிறுத்துமே, அதற்காகக் காத்திருந்தேன். நின்றதும் உள்ளே போனேன். பெரிதாகக் கொஞ்சவில்லை. கதவைத் திறந்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

அடுத்த தடவை நிற்கும்போது லாத்தா ஜன்னலைத் திறந்தார்.

"என்ன டீச்சரம்மா, சொந்த வீட்டு வாசல்ல ஒளிஞ்சு நிக்கிறீங்க?"

"அது வாயை மூடட்டும்னு நிக்கிறேங்க."

அவர் முக்காட்டை வாயில் வைத்துச் சிரித்தார். உள்ளேயிருந்து மகளும் சிரித்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எனக்கு ஒரு உதவி கிடைத்தது. நான் இல்லாதபோது குட்டி என்ன செய்கிறது என்று எனக்குத் தெரிய வழியில்லை. அந்த வீட்டுக்குத்தான் தெரியும். மத்தியானம் நான் வரும்போதெல்லாம் லாத்தா ஜன்னலிலேயே சொல்லிவிடுவார்: "இன்னிக்குக் கொஞ்ச நேரம்தான்." "இன்னிக்கு முனகினதோட சரி." புதன்கிழமை, "காக்காயைப் பார்த்துத்தான் குரைச்சுச்சு, அழலை" என்றார். அதை ஒரு பரீட்சை முடிவு மாதிரி கேட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நான் எதிர்பாராதது நடந்தது. புதுச்சேரியிலிருந்து மேற்பார்வையாளர் சொல்லாமல் வந்துவிட்டார். மத்தியானம் ஒருவரையும் வீட்டுக்கு விடவில்லை. என் வகுப்புக் குழந்தைகள் கணீரென்று பாடம் ஒப்பித்தார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான், ஆனாலும் மனசு பெட்டியிலேயே இருந்தது. அரைநாளுக்கு மேல் அதை நான் அடைத்துவைத்ததே இல்லை. வெயில் வேறு. சாயங்காலம் மணி அடித்ததும் ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

ஜன்னலில் லாத்தா இல்லை. நேரே பின்கட்டுக்குப் போனால், அங்கே நின்றுகொண்டிருந்தார், கையில் நீளக் காம்பு அகப்பையோடு. வேலிச்சந்து வழியாக வந்திருக்கிறார். நாய் மேலே பட்டால் கழுவித்தான் தொழ வேண்டும் என்று எப்போதும் எட்டியே நிற்பவர். பெட்டிக்குள் நான் காலையில் வைத்த கொட்டாங்கச்சியில் புதிதாகத் தண்ணீர் நிறைந்திருந்தது.

"தொடலைங்க டீச்சரம்மா. எட்ட நின்னுதான் ஊத்தினேன். நீங்க சோத்துக்கு வரலையே."

"ரொம்பக் கத்துச்சா லாத்தா?"

"கத்தவே இல்லை. அதான் பயந்துட்டேன். செத்துக்கித்துப் போச்சோன்னு பார்க்க வந்தா, மல்லாந்து தூங்குது."

குட்டி அப்போதுதான் கண்ணைத் திறந்து, சோம்பல் முறித்து, என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. சாக்கு நனைந்திருந்தது, புடவைத்துண்டு நார்நாராகக் கிடந்தது. வேறு சேதம் இல்லை. நான் கதவைத் திறப்பதற்குள் லாத்தா வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அங்கிருந்தபடியே, "இருக்கட்டும், குடுத்துடாதீங்க" என்றார்.

பொங்கலுக்குள் அது வளர்ந்து பெட்டி கொள்ளாமல் ஆகிவிட்டது. கதவைப் பெயர்த்து எறிந்தேன். கால் நீட்ட இடமில்லாவிட்டாலும், வெயில் ஏறினால் அதற்குள்தான் போய்ச் சுருண்டுகொள்ளும். பண்டிகைக்குக் குரும்பகரம் போகும்போது பெட்டியோடு மாட்டுவண்டியில் ஏற்றினேன். வண்டிக்காரர், "வழியெல்லாம் ஊளையிடுமே, மாடு மிரளுமேம்மா" என்று தயங்கினார்.

"நீங்க ஓட்டுங்க" என்றேன். ஊர் போய்ச் சேரும்வரை அது வெளியே தலையை நீட்டிக்கொண்டு, அறுப்பு முடியாத வயல்களைப் பார்த்தபடி வந்தது.