அத்தான் கட்டிய ஸ்டெபிலைசர்

எங்கள் அக்கா ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. வார்டுக்குள் செருப்போடு நுழைகிற பெரிய மனிதர்களைக்கூட வாசலுக்கே திருப்பி அனுப்புவாள். வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் அந்த வாய் எங்கே போகுமோ தெரியாது. அத்தான் முகம் கொஞ்சம் வாடினால் அவளுக்குத் தாங்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதே ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு ரூமுக்குக் கிளார்க் எடுத்தார்கள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதுகிற பரீட்சை. அக்காவுக்கு வயது வரம்பு இந்தத் தடவையோடு முடிகிறது. முட்டி தேய்ந்துபோய், பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து நிமிர்கிறவள். உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தால் போதும் என்று படித்தாள். அத்தானும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அது நினைத்தால் அணையும், நினைத்தால் தானாக எழுந்து உட்காரும்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். விடுவாரா? கழற்றினார். ஃபேனில் தூசி ஊதினார். மெமரியைப் பிடுங்கி ரப்பரால் தேய்த்து மாட்டினார். உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாகப் போட்டார். வைரஸ் என்றார். வைரஸும் போயிற்று, வியாதி போகவில்லை.

அவர் கை வைக்காதது ஹாலில் ஸ்டூல் மேல் இருந்த ஸ்டெபிலைசரில் மட்டும்தான். உள் அறையில் பிளக் கிடையாது; கம்ப்யூட்டருக்கு அதிலிருந்துதான் ஒயர் இழுத்திருந்தார். கல்யாணமான புதிதில் தன் கையாலேயே செம்புக் கம்பி சுற்றிக் கட்டியது. வீட்டுக்கு யார் வந்தாலும் மூடியைத் திறந்து காட்டாமல் விடமாட்டார். கரண்ட் ஏறி இறங்கினால் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வரும். "கேட்டியா? காப்பாத்துது" என்பார். அந்த 'டக்' வரும்போதெல்லாம்தான் கம்ப்யூட்டர் அணைகிறது என்று அக்கா கண்டுபிடித்தாள்.

"ஏங்க, ஒரு தடவ நேரா சுவத்து பிளக்ல போட்டுப் பாக்கலாமா?"

"அப்ப நான் கட்டினது குப்பைங்கறியா?"

அன்றைக்கு மனிதர் சாப்பிடவில்லை. அக்கா அதோடு அந்தப் பேச்சை விட்டாள். ஒருநாள் அவர் வேலைக்குப் போனதும் திருட்டுத்தனமாக ஒயரைப் பிடுங்கிச் சுவரில் செருகினாள். சாயங்காலம் வரை கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட அணையவில்லை. அவர் வருவதற்குள் பழையபடி மாட்டிவிட்டு எனக்குப் போன் போட்டாள்.

"பரீட்சை அன்னிக்கு அவரு டியூட்டிக்குப் போயிடுவாருடி. மாத்திப் போட்டு எழுதிடுவேன்."

"வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்க்கா."

"பாவம்டி" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்குப் போனை வைத்துவிட்டேன்.

பரீட்சை நாள் காலையில் அத்தான் யூனிஃபார்ம் போடவில்லை. "லீவு சொல்லிட்டேன். நீ உள்ள நிம்மதியா எழுது. நான் ஸ்டெபிலைசர் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்."

அக்கா சொல்லத்தான் வாயெடுத்தாளாம். அவர் துண்டை எடுத்து அந்தப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். அப்படியே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நடுவில் இரண்டு தடவை இணைப்பு விட்டுப்போனாலும் மறுபடி நுழையலாம். மூன்றாவது தடவை போனால் பரீட்சை முடிந்தது. அதுதான் விதி. கணக்குப் பகுதியில் முதல் 'டக்'. கொஞ்ச நேரத்தில் அடுத்தது. கம்ப்யூட்டர் எழுந்து வருவதற்குள் ஓடிப்போய் ஒயரை மாற்றிவிடலாம் என்று கதவைத் திறந்தாள். அத்தான் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை.

"பயப்படாத, நான் பாத்துக்கறேன். நீ போ, நேரம் போகுது."

அக்கா திரும்பிப் போனாள். அதற்கப்புறம் யோசிக்காமல் தெரிந்ததையெல்லாம் வேகவேகமாகத் தட்டினாளாம். "எல்லாம் தெரிஞ்ச கேள்விடி" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். பாதிகூட முடிக்கவில்லை. ஹாலில் 'டக்' என்றது.

திரும்ப எழுந்த திரையில், உங்கள் தேர்வு நிறைவடைந்தது என்று இருந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அத்தான் ஓடிவந்தார்.

"என்னாச்சு?"

"கரண்ட் சரியில்ல போலங்க."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்ததாம். பிறகு அவளுடைய தோளைத் தொட்டுச் சொன்னார்:

"நம்ம ஸ்டெபிலைசர் மட்டும் இல்லன்னா, இன்னிக்கு கம்ப்யூட்டரே போயிருக்கும்."

"ஆமாங்க" என்றாள் அக்கா.