பாதி வாக்கியத்தில் மறைகிறவன்

ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவர் வசனக்கார அக்கா. வேற்றுமொழிப் படங்களில் கைக்குழந்தைகளுக்காக அழுது குரல் கொடுக்க வந்தவர். வீறிட்டு வீறிட்டுத் தொண்டை கெட்டுப்போனதும், அதே படங்களுக்குத் தமிழில் வசனம் எழுத ஆரம்பித்தார். பேசும் நாய், பாடும் பல்லி என்று எது வந்தாலும் வாயசைப்புக்கு வார்த்தை பொருத்திவிடுவார். அவரை ஆட்டிவைத்தவன், நினைத்த இடத்துக்கு நொடியில் போய்விடும் ஓர் இளைஞன்.

படத்தில் அந்தப் பையன் சமையலறையில் நிற்பான். அடுத்த கணம் மலையுச்சியில் இருப்பான். போகட்டும். ஆனால் வாக்கியத்தைப் பாதி பேசும்போதே போய்த்தொலைவான், மீதியைப் போன இடத்தில் சொல்வான். படத்தின் மொழியில் ‘மாட்டேன்’ முன்னாலேயே வந்துவிடுகிறது. தமிழிலோ அது கடைசியில்தான் வரும்.

முக்கியமான காட்சியில் அம்மாவோடு சண்டை. திரும்பி வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே மறைகிறான். அம்மா தரையில் உட்கார்ந்து அழுகிறாள். அக்கா எழுதியபடி, “நான் திரும்பி வர...” என்று பேசிப் பார்த்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் சிரித்துவிட்டார்.

“திரும்பி வரேங்கறான். அதுக்கு அந்தம்மா ஏன்க்கா அழுவுது?”

“தெரியுது தம்பி. நீ வேற எரிச்சலக் கெளப்பாத.”

‘மாட்டேன் நான் வர’ என்று புரட்டிப்போட்டார். நாடகத்து ராஜா பேசுவதுபோல் இருந்தது. வீட்டில் துணி மடிக்கும்போதும் அதே முணுமுணுப்பு.

“வரமாட்டேன், போமாட்டேன்னு யார்கிட்ட சொல்ற? எங்கிட்ட ஏதும் கோவமா?” என்றார் கணவர்.

“உங்கமேல கோவப்பட எனக்கு நேரமேது?”

அந்தக் கடுப்பில் தலையணை உறையை உதறும்போதுதான் வார்த்தை சிக்கியது. “இனிமே இந்த வீட்டுக்கு நான், அம்மா...” இங்கே மறைந்துவிடலாம். ‘இனிமே’ என்று கோபத்தில் ஆரம்பித்தால் முடிவு எந்தத் தாய்க்கும் தெரியும். மறைவதற்குமுன் அவன் உதடு ஒருமுறை ஒட்டிப் பிரியும். அதற்கும் ‘அம்மா’ அச்சாகப் பொருந்தியது. ‘வரமாட்டேன்’ மலையுச்சிக்கு.

பதிவானதைக் கேட்டு ஒலிப்பதிவாளரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுவாரம், தமிழில் வெளியிடப் படத்தை வாங்கியவர் வந்து பார்த்தார்.

“என்னம்மா இது, பாதியில நிக்குது?”

“மீதிய மலையில சொல்றான் சார்.”

“அதுவரைக்கும் ஜனங்க காத்திருப்பாங்களா? இங்கயே முழுசா சொல்லச் சொல்லுங்க.”

“அவன்தான் இங்க இல்லையே சார்!”

“குரல் மட்டும் இருக்கட்டும். கொஞ்சம் எதிரொலி சேத்துக்கலாம்.”

“ஆளே போனப்புறம் குரல் எப்படி சார் நிக்கும்? அந்தம்மாவுக்கு அது கேக்கவே கூடாது. கேக்காமலே புரியணும், அதுலதான் சார் அழுகையே இருக்கு.”

“படம் என்னுது. சொன்னதச் செய்யுங்க.”

அக்கா ஒலிப்பதிவாளரைப் பார்த்தார். அவர் குனிந்து ஏதோ ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். மலையுச்சியில் அசையும் வாய்க்கு இப்போது வசனம் இல்லாமல் போனது. “அப்பாடா, என்ன குளிரு!” என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

படம் வெளியானதும் கணவரும் தங்கையும் வற்புறுத்தி அழைத்துப்போனார்கள். அவன் மறைந்துபோன சமையலறையில் ‘வரமாட்டேன்... மாட்டேன்... டேன்...’ என்று குரல் சுற்றியது.

தங்கை குனிந்து, “பேய்ப் படம்னு சொல்லவே இல்லயேக்கா?” என்றாள். முன்வரிசையில் யாரோ கெக்கெக்கெவென்று சிரித்தார்கள். அக்கா எழுந்து வெளியே வந்துவிட்டார். கணவர் பின்னாலேயே ஓடிவந்தார்.

“ஒம்பேரு பெருசாத்தான போட்டாங்க?”

“அதாங்க வயித்தெரிச்சலே!”

படம் நன்றாக ஓடியது. இரண்டாம் பாகத்துக்கு எழுதச் சொல்லி வாங்கியவரே கூப்பிட்டார். குரல் சுற்றும் அந்த இடம்தான் ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்ததாம். முடியாது என்றார் அக்கா. வேறொருவர் எழுதினார், அதுவும் ஓடியது.