ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்

பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருஷம் அறிவிப்பு சொன்னவள் அவள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடை, யாருடைய பர்ஸ் கிடைத்திருக்கிறது, எந்தக் குழந்தை அழுதுகொண்டு நிற்கிறது என்று சொல்லிச் சொல்லியே பெயர் 'மைக்கம்மா' ஆகிவிட்டது. மைக் பழுதான நாளில்கூட வேலை நிற்கவில்லை. கதவைத் திறந்துவைத்துக் கூவினாள். கடைசி நடைமேடையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த டிரைவர் அலறிப் புடைத்து எழுந்து வண்டியை எடுத்தார். அப்படியொரு தொண்டை!

இன்றைக்கு அவள் பேசுவது மருமகளைத் தவிர ஒருவருக்கும் புரியாது.

எல்லாம் அந்த மாத்திரை செய்த வேலை. ஓய்வு பெற்ற வருஷம், எலும்பு தேய்ந்திருக்கிறது என்று வாரத்துக்கு ஒன்று எழுதிக்கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கக்கூடாது, நிமிர்ந்தே இருக்க வேண்டும். நாலு வருஷம், ஒரு ஞாயிறு தவறாமல் போட்டாள். பிறகு ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார்கள். அந்தப் புண் ஆறவேயில்லை. தாடை எலும்பு செத்துப்போயிருக்கிறது என்று வலது பக்கம் பாதியை வெட்டி எடுத்தார்கள். இப்படியும் ஆகலாம் என்று மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளில் ஒரே ஒரு வரி போட்டிருந்தால், பல்லைப் பிடுங்க வாயைத் திறந்திருப்பாளா?

மாத்திரைக் கம்பெனி மேல் போட்ட வழக்குக்கு இது மூன்றாவது வருஷம். வாய்தாவுக்கு மேல் வாய்தா. மகன் வேலைக்குப் போய்விடுவான், அலைகிறவள் மருமகள். வக்கீல் ஆபீஸில் ஒரு கால் குட்டையான பெஞ்சில், ஆட்டத்துக்கு ஆடிக்கொண்டு, இரண்டு பேரும் எத்தனை மத்தியானம் உட்கார்ந்திருப்பார்கள் என்று கணக்கே கிடையாது. மருமகள் பையில் ஒரு பிளாஸ்க், வாயைத் துடைக்க இரண்டு துண்டு. மிக்ஸியில் அடித்து வடிகட்டியதைத் தவிர வேறெதுவும் மைக்கம்மாவுக்கு இறங்காது. "விட்டுத் தொலைச்சிடலாம்" என்று மாதம் ஒருமுறையாவது சொல்வாள். மருமகள் "ம்" என்பாள். அடுத்த வாய்தாவுக்குப் பையை எடுத்துவிடுவாள்.

போன தடவை கம்பெனி வக்கீல் ஒரு கேள்வி கேட்டாரே, வயிறு எரிந்தது. "மாத்திரை வாங்கினதுக்குப் பில் இருக்கு. முழுங்கினதுக்கு என்ன சாட்சி?" காலி அட்டையை எந்த மகராசி பத்திரப்படுத்தி வைப்பாள்? சாட்சி இல்லையென்றால் வழக்கு தள்ளுபடிதான் என்று இவர்கள் வக்கீலே கையை விரித்துவிட்டார்.

இன்று அதே வக்கீல் முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

"உங்க தங்கச்சிகிட்ட பேசினேன்மா. ஞாயித்துக்கிழமை மாத்திரை போட்டதும் அவங்களுக்குக் குரல் பதிவு அனுப்புவீங்களாமே! எல்லாம் அவங்க போன்ல தேதியோட கிடக்காம். முழுங்கின நேரம்கூட இருக்கு, வேற என்ன வேணும்? ஆனா ஒண்ணுவிடாம குடுத்துடணும். நாலை எடுத்துட்டா கம்பெனி வக்கீல் பிடிச்சுக்குவான்."

மைக்கம்மாவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன.

"மாத்திரைய போட்டுட்டேன்டி, அரை மணி நேரம் கம்பம் மாதிரி உக்காரணும், அதுவரைக்கும் கேளு" என்றுதான் தொடங்குவாள். கேளு என்றால் எதை? மருமகளைப் பற்றிய புகாரைத்தான்! கை வைத்த எதிலும் உப்புமில்லை, உறைப்புமில்லை. எம்புள்ளைய முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமோ என்னமோ, ஊமைக்கோட்டான் மாதிரி நிக்கிறா. நாலு வருஷம், வாரம் அரை மணி. அத்தனையையும் எழுத்தில் தட்டி, கோர்ட்டில் போட்டுக் காட்டுவார்களாம், துண்டும் கையுமாகப் பக்கத்தில் மருமகள் உட்கார்ந்திருக்க! அதற்கு வழக்கு மண்ணாய்ப் போகட்டும்.

"வேண்டாம்னு சொல்லு. கேஸே வேண்டாம்" என்றாள். மற்றவர் காதுக்கு அது வெறும் முனகல்.

மருமகள் நிமிர்ந்து வக்கீலைப் பார்த்தாள். "சரிங்கறாங்க சார். எல்லாத்தையும் குடுத்துடலாமாம்."

மைக்கம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அடியே, நான் என்ன சொன்னேன், நீ என்ன சொல்றே?"

"சீக்கிரம் முடிச்சுக் குடுங்கன்னும் சொல்றாங்க."

வக்கீல் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே குறித்துக்கொண்டார்.

மாடிப்படியில் மைக்கம்மா நின்றுவிட்டாள். மூன்று வருஷமாகத் தன் பேச்சை ஒரு சொல் மாற்றாமல் எடுத்துச் சொன்னவள், இன்றைக்கு இப்படிச் செய்துவிட்டாளே!

"அதுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாதும்மா" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்தது.

மருமகள் துண்டை எடுத்து அவள் வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள். "ஏன் தெரியாது? வாரா வாரம் அடுக்களையில நின்னுக்கிட்டுத்தானே இருந்தேன். பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்ட குரல் அத்தை. பக்கத்து ரூமுக்குக் கேக்காதா?"

மைக்கம்மா ஏதோ சொன்னாள். அவளுக்கே அது சரியாக வரவில்லை.

"ம், புரிஞ்சுது" என்றாள் மருமகள். "படி பாத்து எறங்குங்க."